ஒரு சாணுக்குள் விழுந்த படம்

மாப்பிள்ளை பின்னேரத்து அஸர் தொழுகையை முடித்துவிட்டுத்தான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் ஹிமாயா, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூபை மாட்டி, மணமகள் ஸப்னாவின் மருதோண்டிக் கையைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

டியூப் என்றால் பெரிய சாமான் ஒன்றுமில்லை. கண்ணாடிகூட இல்லாத வெறும் வளையம். மேக்ரோ லென்ஸ் வாங்க வக்கில்லாதவர்களுக்கு அதுதான் கதி. மாட்டினால் எறும்பின் கால்கூடத் தெரியும். ஆனால் ஒரு சாணுக்கு அப்பால் இருப்பதெல்லாம் புகை.

"மாப்புள வந்திட்டாரு" என்று யாரோ வாசலில் சொன்னார்கள்.

அட்டாளைச்சேனையில், பெண்கள் அறைக்குள் படமெடுக்கப் பெண்தான் வேண்டுமென்று ஸப்னாவின் உம்மா றாஹிலா அடம்பிடித்து ஹிமாயாவை அழைத்த முதல் கலியாணம் இது. தாலி பூட்டும் படம் தவறினால் இனி யார் கூப்பிடுவார்கள்? டியூபைக் கழற்ற விரல் போனது. அதற்குள் மாப்பிள்ளை றமீஸ் தாலிச் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார்.

வெட்கத்தை விட்டு, நின்றவர்களை இடித்துக்கொண்டு, ஸப்னாவின் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள். முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல் என்று உடம்பை அசைத்துத்தான் தெளிவு பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கி, பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை ஆண்கள் பக்கம் போனபின் பார்த்தாள். இருபதில் பத்தொன்பது குப்பை. ஒன்று மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் கொக்கியைத் தவறவிட்டு விறைத்து நிற்க, முக்காட்டுக்கு அடியிலிருந்து வந்த இரண்டு மருதோண்டி விரல்கள் அதை மாட்டிக்கொண்டிருந்தன. கூடியிருந்த ஒருவர் கண்ணிலும் படாத காரியம். இப்படியொரு கலியாணப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் கண் நிறைய, ஸப்னாவிடம் காட்டினாள்.

ஸப்னாவின் முகம் மாறிவிட்டது.

"ராத்தா, இத ஒருத்தருக்கும் காட்டாதீங்க. அவருக்குக் கை நடுங்கிட்டு. கொக்கி பூட்டத் தெரியாதவரு எண்டு ஊரு பட்டம் வெச்சிரும்."

அது பொய்யில்லை. இந்த ஊரில் ஒருவருக்குப் பட்டம் வைத்தால் பேரப்பிள்ளை வரைக்கும் அது கூடவே வரும். ஹிமாயாவின் வாப்பா ஒரேயொரு தரம் தோணியிலிருந்து விழுந்தார். இன்றைக்கும் அவள் 'தோணியால விழுந்தவர்ர மகள்'தான்.

றாஹிலா அவசரமாக வந்தாள். "தாலி பூட்டின படத்தக் காட்டுங்க மகள்."

ஸப்னா கையை மடிக்குள் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

"அது விழல்ல மாமி" என்றாள் ஹிமாயா. "டியூபக் கழட்ட நேரம் கிடைக்கல்ல."

றாஹிலா, "ஆம்புளயையே கூப்பிட்டிரிக்கலாம்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

ஹிமாயா படத்தை ஸப்னாவின் போனுக்கு அனுப்பினாள். அழிக்கவா என்று கேமரா கேட்டது. அவள் விரல் பொத்தானைத் தவறவிட்டது. ஸப்னா கையை நீட்டி அவள் மணிக்கட்டை அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஹிமாயா அமுக்கினாள்.