மூன்றாவது சுற்று

ஜூன் 11, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். பழைய வண்டி வாங்கும்போது மண் அள்ளும் பக்கெட்டை உயரத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும். தானாகக் கீழே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். அப்பாவும் நானும் மற்றதெல்லாம் பார்த்தோம், இதைப் பார்க்கவில்லை. பெரம்பலூர் வகுப்புக்குப் பஸ் போய்விடுமே என்று ஓடிவிட்டேன். பெரிய தவறில்லை என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

இதை எழுதிய கை மறுநாள் முழங்காலின்மேல் சும்மா கிடந்தது. அறிவழகன் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையில் சவரக் கத்தி ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் அவன் அப்பா ராசாங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆட்டோ அரியலூர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அழுதுடுடா அறிவு. உள்ளயே வச்சிருந்தா நெஞ்ச அடச்சிக்கும்," என்றார் சித்தப்பா மணிவண்ணன்.

"வரல சித்தப்பா."

வராதது அவனுக்கே பயமாக இருந்தது. அம்மா ஆண்டாயி காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கு மட்டும் தண்ணீர் பிடிக்கணும், பந்தலுக்குச் சொல்லணும், போட்டோ எடுத்துக் கொடுக்கணும் என்று ஒவ்வொரு வேலையாக மனதில் வந்துகொண்டிருந்தது.

ராசாங்கம் சின்ன வயதில் அடுத்தவர் வயலில் கூலி. பிறகு அடுத்தவர் பொக்லைன் வண்டியில் டிரைவர். கடைசியில் சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கிவிடத் துணிந்தார். வீட்டுப் பட்டாவை வைத்துக் கடன் எடுப்பதாகப் பேச்சு. பைபாஸ் பக்கம் ஷெட் வைத்திருக்கும் சிங்காரவேலுவிடம் ஒரு வண்டி விலைக்கு வந்திருந்தது. நேற்று அப்பாவும் மகனும் சொல்லாமல் கொள்ளாமல்தான் போனார்கள். முன்கூட்டியே சொன்னால் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, கோளாறு தெரியாமல் வைத்துவிடுவார்கள். ராசாங்கம் புறங்கையால் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்தார். மூட்டுகளில் இருந்த இரும்புப் பின்களை ஆட்டிப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிவந்து சிரித்தார்.

"என்னங்கய்யா, பெயின்ட்டெல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்புனாப்புல இருக்கு?"

"ஒனக்குக் கட்டிக் குடுக்கத்தானய்யா," என்றார் சிங்காரவேலு.

அந்தச் சிரிப்பிலேயே விலைப் பேச்சு முடிந்துவிட்டது.

இன்று அதே வண்டி சுடுகாட்டில் நின்றது. இந்தப் பக்கத்து மண்ணுக்கடியில் சுக்கான் பாறை. காலையில் கடப்பாரை போட்டவர்கள் முழங்கால் ஆழத்துக்குமேல் போக முடியாமல் விட்டுவிட்டார்கள். செய்தி தெரிந்து சிங்காரவேலுவே போன் செய்தார். "நான் வண்டிய அனுப்பறேன். ராசாங்கத்துக்குக் குழி எடுக்கக் காசு பேசுனா எனக்கு அசிங்கம்." கேட்டுவிட்டு ஆண்டாயி, "மகராசன். அவரு ஆசப்பட்ட வண்டியே வருது பாரு," என்று இன்னும் சத்தமாக அழுதாள்.

பாடை போய்ச் சேர்ந்தபோதும் வண்டி பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசியில் ஆழம் வந்தது. மணிவண்ணன் குழிக்குள் இறங்கி, உதிர்ந்த கற்களைப் பொறுக்கி வெளியே எறிய ஆரம்பித்தார்.

"வண்டிய நிறுத்துப்பா, சங்கு ஊதறது கேக்கல," என்று யாரோ சொன்னார்கள்.

டிரைவர் முத்தமிழ்செல்வன் பக்கெட்டைக் குழிக்குமேலே தூக்கிய நிலையில் அப்படியே விட்டு, எஞ்சினை அணைத்து இறங்கி, தள்ளிப்போய்த் தண்ணீர் குடித்தான்.

அறிவழகனின் தோளில் நீர்க்குடத்தை ஏற்றினார்கள். பாடையை மூன்று சுற்று சுற்ற வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அரிவாள் மூக்கால் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தை முதுகுப்பக்கமாகப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

முதல் சுற்றில் தலைமாட்டில் நின்றான். தண்ணீர் பீய்ச்சித் தோளை நனைத்தது. எதிரே பக்கெட்டின் பற்கள், தூரத்துச் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியின் உச்சிக்கு நேராக இருந்தன. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் போனது.

இரண்டாவது சுற்றில் அதே இடத்தில் நின்றான். பற்கள் புகைபோக்கியின் பாதிக்கு வந்திருந்தன. குடத்தின் கனத்தில் தான் சாய்ந்து நிற்கிறோமோ என்று நிமிர்ந்து பார்த்தான். பாதியில்தான் இருந்தன. டிரைவர் இருக்கை காலியாக இருந்தது. குழிக்குள் சித்தப்பாவின் முதுகு மட்டும் குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

தப்பாக இருந்தால்? அப்பாவின் சடங்கில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஓசியில் வந்த வண்டியைக் குறை சொல்லி... நடந்தான். கால்மாட்டைக் கடந்தான். குடத்திலிருந்து தண்ணீர் இரண்டு கோடாக விழுந்தது. மூன்றாவது முறை தலைமாட்டுக்கு வந்து பார்த்தபோது புகைபோக்கி முழுவதும் தெரிந்தது. பற்கள் குழியின் விளிம்புக்குக் கீழே போயிருந்தன.

"போடுப்பா, போட்டுட்டு நேரா நட," என்றார் அரிவாள்காரர்.

அறிவழகன் குழிப்பக்கம் திரும்பினான்.

"சித்தப்பா! மேல வா! சித்தப்பா!"

குடம் நழுவி அவன் காலடியிலேயே உடைந்தது. அவனுக்கு அந்தக் குரல் தன்னுடையதாகத் தெரியவில்லை. மணிவண்ணன் நிமிர்ந்தார், மேலே பார்த்தார், பக்கவாட்டில் மண்ணைப் பிடித்து ஏறி உருண்டு வெளியே வந்தார். பக்கெட் அவசரப்படாமல் இறங்கி, அவர் கல் பொறுக்கிய இடத்தில் உட்கார்ந்தது. பாறையில் ஒரு சின்னச் சத்தம்.

"லிவர்ல கைகிய் பட்டிருக்கும்டா," என்றார் சாவுக்கு வந்து ஒதுங்கி நின்றிருந்த சிங்காரவேலு.

"வண்டியில ஆளே இல்லீங்களே மொதலாளி," என்றான் முத்தமிழ்செல்வன். சொன்ன பிறகு தரையைப் பார்த்தான்.

சிங்காரவேலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "அப்பனப் பொதைக்கிற எடத்துலயும் வண்டியத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"வாய மூடுடா. புள்ள இப்பத்தான் வாய்விட்டு அழுதிருக்கான்," என்றார் ஒரு பெரியவர்.

அழுகை என்று நினைத்துவிட்டார்கள். அறிவழகன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் இருந்தது, குடத்துத் தண்ணீர்.

வண்டியை ஸ்டார்ட் செய்து பக்கெட்டைத் தூக்கி ஓரம் கட்டினார்கள். சிங்காரவேலு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பைக்கில் கிளம்பினார். ராசாங்கத்தை இறக்கி, ஆளுக்குக் கைப்பிடி மண் போட்டார்கள். "மூடறதுக்கு வண்டி வேணாம். மம்முட்டி எடுங்கடா," என்றார் மணிவண்ணன். அவர் முழங்கை தோலுரிந்திருந்தது. மண்ணை இழுத்துத் தள்ளும்போது அறிவழகன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்காகக் கத்துனியா, வண்டிக்காகக் கத்துனியா?"

கேலி மாதிரிதான் கேட்டார். அறிவழகன் இன்னொரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டான். மூன்று சுற்றிலும் அவன் பார்த்தது வண்டியை.

"ஒங்கம்மாட்ட நீயே சொல்லு," என்றார் சித்தப்பா. "நான் சொன்னா, பொறாமையில சொல்றான்னுவா."

வீட்டுக்கு வந்து குளித்து, அப்பா கிடந்த இடத்தில் எரிந்த விளக்கைக் கும்பிட்டான். ஆண்டாயி சுவரில் சாய்ந்திருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"சத்தம் போட்டு அழுதியாமே."

அவன் தலையசைத்தான்.

"நல்லது சாமி. நான் பயந்துட்டேன்." அவன் மொட்டைத் தலையைத் தடவினாள். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. "நம்ம வண்டி நல்லா எடுத்துச்சா குழிய?"

"எடுத்துச்சும்மா."

"அத விட்றக் கூடாது. அவரு பேசி முடிச்சது. பட்டா டிரங்குப் பொட்டிலதான் இருக்கு, எடுத்துக்க."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பக்கத்து வீட்டிலிருந்து சோற்றுப் பானை வந்தது. அவள் கை கழுவப் போனாள். தட்டில் போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வைத்தாள், அதையும் சாப்பிட்டான்.

பிறகு, விளக்கு வெளிச்சத்தில், எழுதினான்.

ஜூன் 12, புதன். நாளை விடியற்காலை குழிமேட்டில் பால் தெளிக்க வேண்டும். பால் சொல்லியாகிவிட்டது. தெளித்துவிட்டு சிங்காரவேலு அய்யாவின் ஷெட்டுக்குப் போய், வண்டி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். போவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.