கழுத்துமட்டும் நிரம்பிய போத்தல்கள்

சாடியின் மூடியைத் திறந்து அடைக்கலநாதர் அன்றைக்கு மூன்றாவது ஆளுக்கு வைனைக் காட்டிக்கொண்டிருந்தார். வைக்கோல் நிறத்தில் தெளிந்து கிடந்தது. யுத்தத்தால் கப்பல் வரவில்லை. கத்தோலிக்கக் கோவிலில் பூசை வைன் முடியும் தறுவாய். இளவாலை முழுவதிலும் சுவாமியார் அவரிடம்தான் கேட்டார். கோவிலுக்கு மணி கொடுத்தவர் அவருடைய பாட்டனார். வீட்டு வளவில் வெள்ளைத் திராட்சைப் பந்தலும் இருந்தது. சீனியோ தண்ணீரோ ஒரு துளி சேரக்கூடாது, பெருநாள் பூசைக்கு வைன் வேண்டும் என்று மட்டும் சுவாமியார் சொல்லியிருந்தார்.

பழம் பறித்த அன்று வெயில் ஏறுமுன் குலைகளை வெட்டியிருந்தார்கள். பிழிந்த கையோடு தோலையும் விதையையும் அகற்றினால்தான் நிறம் வெளிறும், துவர்ப்பு இறங்காது என்று சொன்னவள் மருமகள் ஸ்ரெல்லா. அவளுடைய தகப்பன் பட்டணத்தில் குருமார் மடத்துக்குச் சமைத்துப்போடும் கோக்கி. அந்தக் குசினியில் பார்த்துப் பழகியவள் அவள். சாறு நுரைத்த நாட்களில் காலையும் மாலையும் சாடியில் காதை வைத்து உள்ளிரைச்சலைக் கேட்பாள். அது அடங்கிய அன்று அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, இனிக் காத்துப் படக்கூடாது. போத்தலிலை கழுத்துமட்டும் நிரப்பி மெழுகாலை அடைக்கவேணும்."

"கோக்கியின்ரை மகள் எனக்குப் படிப்பிக்கிறாளோ?"

அடைத்துவிட்டால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? சாடி அங்கேயே இருந்தது. மூடி நாளுக்கு நாலு தரம் திறந்தது. ஸ்ரெல்லா குசினிக்குத் திரும்பினாள். மலாயாவிலிருந்த புருஷனிடமிருந்து, யப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்தபின் கடிதமே இல்லை. மாமனாரின் வீட்டைவிட்டால் அவளுக்கு வேறு நிழல் கிடையாது.

பெருநாளுக்கு முதல் நாள் காலை சுவாமியாரும் கோவில் மூப்பர் கிறகோரியும் வந்தார்கள். மூடி திறந்ததும் சுவாமியார் முகத்தைத் திருப்பினார். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"புளிச்சு வினாகிரியாப் போச்சு, அடைக்கலநாதர். பூசைக்கு ஆகாது."

"பன்றி இறைச்சிக்கு நல்லாயிருக்கும், அண்ணை," என்றார் கிறகோரி. "பெருநாள் கறிக்கு எனக்கும் ஒரு போத்தல் தாங்கோ."

பொழுதுபடுவதற்குள் இந்தப் பகிடி எத்தனை வாசலைத் தாண்டும் என்று அடைக்கலநாதருக்குத் தெரியும். அப்போதுதான் ஸ்ரெல்லா அறைக்குள்ளிருந்து இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தாள். கழுத்துமட்டும் நிரம்பி, மெழுகால் அடைத்திருந்தன. சுவாமியார் ஒன்றின் மெழுகை உடைத்து முகர்ந்தார், சுவைத்தார், கண்ணை மூடினார். முதலில் மாங்காய்ப் பிஞ்சின் புளிப்பு, பிறகு கொய்யாப்பழ வாசம், கடைசியில் மெல்லிய கைப்பு; இனிப்பு துளியும் இல்லை. கப்பலில் வந்ததுகூட இப்படி இருந்ததில்லை என்றார்.

கிறகோரியின் பார்வை அவளிடமிருந்து அடைக்கலநாதரிடம் வந்தது. மணி கொடுத்த குடும்பத்தின் மானத்தை ஒரு கோக்கியின் மகள் காப்பாற்றினாள் என்பது வினாகிரியைவிட மோசமான கதை. அடைக்கலநாதர் முதுகை நிமிர்த்தினார்.

"குடிக்கிறதுக்கெண்டு களவாய் எடுத்து ஒளிச்சிருக்கிறாள், சுவாமி. இவள் திறந்து திறந்து எடுத்துத்தான் சாடியும் பழுதாப்போச்சு."

ஸ்ரெல்லா அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து சாடியை மூடினார்.

"நீதானோ பிள்ளை எடுத்தது?" என்று சுவாமியார் கேட்டார்.

"ஓம் சுவாமி," என்றாள். "நான்தான் எடுத்தனான்."

மத்தியானமே அடைக்கலநாதர் வண்டி கட்டி அவளைத் தகப்பனிடம் அனுப்பினார். ஒரு தகரப்பெட்டி மட்டும் போனது.

மறுநாள் பூசையில் அவர் முதல் வரிசையில் நின்றார். பாத்திரம் உயர்ந்தபோது பாட்டனாரின் மணி அடித்தது. பிரசங்கத்தில் சுவாமியார் அவருடைய பெயரைச் சொல்லி, வருகிற பெருநாளுக்கும் இவர் கை வைன்தான் என்றார். சனம் திரும்பிப் பார்த்தது. கிறகோரியும் தலையாட்டினார்.

அடுத்த வருடம் பந்தல் முன்னையைவிட நன்றாகக் காய்த்தது. அடைக்கலநாதர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பிழிந்தார், தோலை அகற்றினார், சாடியில் ஊற்றினார். யாரையும் வளவுக்குள் விடவில்லை. கழுவிய போத்தல்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மெழுகு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் செய்ததுபோலக் குனிந்து சாடியில் காதை வைத்தார். இரைவது சாடியா தன் காதா என்று தெரியவில்லை. மற்றக் காதை வைத்துப் பார்த்தார். மெழுகு உள்ளங்கைச் சூட்டில் இளகி விரல்களில் ஒட்டியது. சற்றுப் பொறுத்து, ஒரேயொரு தரம் பார்ப்பதற்காக, மூடியைத் திறந்தார்.