ஏறாத ஃபைல்

பதினொரு மணிக்குப் பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். பத்தரைக்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் செய்த இருபத்தேழு விளையாட்டுகளைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்ட கம்ப்யூட்டர் டீச்சர், இருபத்தெட்டாவதில் மாட்டிக்கொண்டார். ஒரு ஃபைலின் அளவு ஐம்பது எம்பிக்கு மேல் போனால் ஏறாது. இதுவோ இருநூற்றுப் பத்து.

ஒரு பூனை மூன்று மதில்களைத் தாண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கு எதற்கு இவ்வளவு கனம்?

விளையாட்டைச் செய்தவள் பக்கத்திலேயே நகத்தைக் கடித்தபடி நின்றாள். அவளுக்குத் திக்குவாய். அம்மா அரைநாள் லீவு போட்டு வருகிறாள் என்பதைச் சொல்லி முடிக்கவே நேற்று அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

பின்னணிப் படங்களில் வேண்டாத இரண்டை டீச்சர் நீக்கினார். எட்டு எம்பிதான் குறைந்தது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, முடியாவிட்டால் அதை விட்டுவிடச் சொன்னார். ஏற்றிவிடுவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, டீச்சர் ஃபைலுக்குள் ஒவ்வொன்றாகத் தேடினார்.

திரையில் தெரியாதபடி ஒரு பந்து மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதோடு சேர்த்திருந்த ஒலிப் பதிவுகளின் பட்டியலைத் திறந்தால், இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது. தொண்ணூற்று நான்கு பதிவுகள். ஒன்றை ஓடவிட்டார். "வா... வா... வாங்க, வி..." அடுத்ததும் அதேதான். மூன்றாவதை அவர் தொடவில்லை. மதிய இடைவேளையில் இவள் தினமும் இந்தக் கம்ப்யூட்டர் அறையிலேயே கிடந்தது எதற்கென்று இப்போது புரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்க நேரமில்லை. கேள்வி கேட்டால் பிள்ளை கூனிக்குறுகிவிடுமோ என்றும் பயம்.

"ஒண்ணுதான் வைக்க முடியும்மா. எது வேணும்?"

"அ... அறுபத்தி ஒண்ணு டீச்சர். அ... அப்புறம் தொண்டை கட்டிடுச்சு."

மற்றதை அழித்துவிடலாமா என்று கேட்டார். அவளே மௌஸை வாங்கி, ஒவ்வொன்றாக அழித்தாள். கடிகாரம் ஓடியது. பிடுங்கிவிடத் துடித்த கைகளை டீச்சர் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். பதினாறு எம்பி. பத்து ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.

வந்த அம்மா பொத்தானை அழுத்தினாள். விளையாட வாருங்கள் என்று அழைத்த குரல், பூனையை எப்படித் தாண்ட வைப்பது என்பதைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தது.

"யாரு பேசறது?" என்றாள் அம்மா.

"நா... நான்தாம்மா."

அம்மா மறுபடி அழுத்தினாள். டீச்சர் அடுத்த மேசைக்குப் போய், சரியாகவே இருந்த வயரைச் சரிசெய்யத் தொடங்கினார்.