ஃபைலக்கா தீவுல ஒம்போது எட்டு

குவைத்துக்குப் பக்கத்துல, நடுக்கடல் தீவுல கிரேக்கன் கட்டின ஊர் ஒண்ணு கெடக்குன்னு மணிமாறன் சொன்னப்ப லேபர் கேம்ப்ல ஒருத்தனும் நம்பல. ரூம்மேட் பன்னீர்செல்வத்த மட்டும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வெள்ளிக்கெழமை ஃபெரியில ஏத்திட்டான். தொண்ணூத்தஞ்சாம் வருஷம் அது. ஈராக் சண்டை முடிஞ்சு நாலு வருஷம் ஆயும் ஃபைலக்காவுல இருந்ததெல்லாம் குண்டு தொளைச்ச வீடுங்கதான். "பாதைய விட்டு எறங்காதீங்க பாய்"னு படகுக்காரன் இந்தியில சொல்லித்தான் விட்டான்.

"இந்தக் குட்டிச்சுவத்தப் பாக்கவாடா வாந்தி எடுத்துக்கிட்டு வந்தேன்?" பன்னீர் இடுப்பளவு கல்சுவத்தத் தட்டினாரு. அவரு புதுக்கோட்டைக்காரரு, டைல்ஸ் மேஸ்திரி. "ரசமட்டம் வச்சா எங்கயும் நிக்காது."

"ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம்ணே! நம்ம கம்பெனி கட்டின பாத்ரூம் ரெண்டு மாசம் தாங்குச்சா? இது கோட்டை, அது கோயில். அந்தக் கல்லு மேலதான் தூண் நின்னுச்சு. அலெக்சாண்டருக்குப் பின்னாடி வந்த ஆளுங்க..."

"அவனுங்களுக்கு விசா குடுத்த கஃபீல் யாரு?"

"போட்டோ எடுக்கறேன் நில்லுங்க. அண்ணிக்கு அனுப்பலாம்."

ஊர்ல இருக்கற சம்சாரம் சரோஜா பேச்ச எடுத்ததும் மனுஷன் சட்டைய உள்ள விட்டு, தூணோட அடிக்கல்லு மேல ஒரு கால வச்சு வெறப்பா நின்னாரு. மணி கேமராவுல கண்ண வச்சான். பன்னீர் வந்தா கல்லு வரல, கல்லு வந்தா சுவரு வரல. வச்ச கண்ண எடுக்காமலே பின்னாடி போனான். மண்ணுல பொதஞ்ச கம்பி ஒண்ணு கால்ல தட்டிச்சு. தாண்டினான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப சுவரு முழுசா வந்துடுச்சு.

பன்னீரோட மூஞ்சிதான் மாறிப்போச்சு.

"மணி, அசையாத."

"சிரிங்கண்ணே, யாரோ செத்த மாதிரி..."

"கால எடுக்காதடா! போர்டுக்கு அந்தாண்ட நிக்கிற!"

மணி கேமராவ எறக்கினான். ரெண்டு பேருக்கும் நடுவுல, சாஞ்சு கெடந்த கம்பிவேலியில ஒரு தகர போர்டு. இவன் பக்கம் வெறும் துரு. அந்தப் பக்கம் மண்டையோடு இருக்கும்னு யாரும் சொல்ல வேண்டாம், குவைத் பூரா பாத்ததுதான். கண்ணிவெடி. கம்பி தட்டினதுல இருந்து இவன் வச்சது ஒம்போது எட்டு.

"அண்ணே, யாரையாவது கூப்புடுங்கண்ணே..."

"படகுத்துறைக்கு ஓடி ஆளக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள நீ பயத்துல விழுந்துடுவ. பின்னாடி நடந்துதான போன? தடமெல்லாம் என்னப் பாத்துதான் இருக்கு. அது மேலயே கால வச்சு வா."

மொத மூணு தடம் மணல்ல நல்லாத் தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் உப்புப் பூத்த கட்டாந்தரை. ஒண்ணுமே இல்ல.

"தெரியலண்ணே."

பன்னீர் கம்பியோரமா குப்புறப் படுத்து, கன்னத்தத் தரையில ஒட்டினாரு. டைல்ஸ் போட்டு முடிச்சதும் மேடு பள்ளம் பாக்க இப்படித்தான் படுப்பாரு. வெயிலும் சாஞ்சிருந்துச்சு.

"குதிகால் குழி தெரியுது. வலது கால நேரா ரெண்டு சாண் வையி. அங்க இல்ல! உள்பக்கம் நாலு விரக்கட. ம், எறக்கு."

நாலு. அஞ்சு. ஆறு. வேர்வ கண்ணுக்குள்ள எறங்குது, தொடைக்கக்கூட பயம்.

ஏழாவதுக்கு பன்னீர் தலைய அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"அண்ணே?"

"ரெண்டு குழி தெரியுதுடா. ஒண்ணுதான் உன்னுது."

"எது?"

"உன் எட்டு இதுவரைக்கும் ரெண்டு சாண் தவறல. கணக்குக்கு உன் வலது பக்கத்துதுதான் வருது."

"நிச்சயமாவாண்ணே?"

"நிச்சயமில்ல."

தூக்கின கால் இன்னும் அந்தரத்துல. ஒத்தக் கால்ல எவ்வளவு நேரம் நிக்க முடியும்?

"வைடா."

கண்ண மூடிக்கிட்டு கால வச்சான். ஒண்ணும் ஆகல. எட்டு. ஒம்போது. கம்பியத் தாண்டினதும் கன்னத்துல பளார்னு விழுந்துச்சு.

"உங்கம்மாகிட்ட என்னடா சொல்லுவேன்? போட்டோல செவுரு அடங்கலன்னு போனான்னா?"

அடிச்ச கையாலயே காலரப் புடிச்சாரு. படகுத்துறை வரைக்கும் விடல. ஃபெரியில உக்காந்தும் விடல. எதுர்ல இருந்த பாகிஸ்தான் பட்டான் "என்னாச்சு பாய்?"னு இந்தியில கேட்டப்பவும் விடல. பாதிக் கடல் தாண்டினப்ப விரல் மரத்துப்போச்சு போல.

கைய மாத்திப் புடிச்சுக்கிட்டாரு.