மூன்றாவது சொம்பு

ஒரு கொப்பரை வெல்லத்தைத் தார் மாதிரி கறுப்பாக்கியவன் நான்தான். இதை இப்படி முதல் வரியிலேயே சொல்லிவிட எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நடுநிலையாக்கலை ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் நடத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நல்லாசிரியர் ஆகும் ஆசை எனக்கு அவ்வப்போது காய்ச்சல் மாதிரி வரும். வடக்கனந்தல் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே தீனதயாளனின் வெல்ல ஆலைக் கொட்டாய் இருக்கிறது. கரும்புச் சாறு அமிலம், அதில் விடுகிற சுண்ணாம்புத் தண்ணீர் காரம். இதைவிட என்ன வேண்டும்? முப்பத்திரண்டு பேரை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனேன். கொப்பரையடியில் நின்றவர் சின்னதுரை, என் வகுப்பில் படிக்கும் தேவிப்ரியாவின் அப்பா. ஒரு சொம்பு சுண்ணாம்புத் தண்ணீரை விட்டார். அழுக்கெல்லாம் நுரையாகப் பொங்கி மேலே வந்தது. அதை வாரி எறிந்துவிட்டு, நீளக் கரண்டியைக் கொப்பரையின் விளிம்பில் கவிழ்த்து வைத்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கொஞ்சம் சாற்றைக் கிண்ணத்தில் எடுத்து ஆறவிட்டு, பி.எச். தாளை நனைத்தேன். மஞ்சள். புத்தகத்தில் நடுநிலை என்றால் ஏழு. ஏழு என்றால் பச்சை.

“இன்னும் அமிலமா இருக்குண்ணே. இன்னொரு சொம்பு ஊத்தலாமா?”

“சார் படிச்சவங்க,” என்றார் சின்னதுரை.

இதற்கு அர்த்தம் ‘ஊத்துங்க’ என்றா, ‘வேணாம்’ என்றா? எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு இரண்டாவது சொம்பை ஊற்றினேன். தாளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே ஏதோ ஒரு நிறம். “போதுமாண்ணே?” என்றேன். “நீங்க சொன்னா சரிங்க,” என்றார். மூன்றாவது சொம்பையும் நானே தூக்கிக் கவிழ்த்தேன். பச்சை! “பாத்துக்குங்க, இதான் நடுநிலை,” என்று தாளை உயர்த்திக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டச் சொன்னதும் நான்தான்.

பள்ளி விட்டதும் என் வெற்றியைப் பார்க்கத் தனியாகப் போனேன். தேவிப்ரியா புத்தகப் பையோடு அப்பா பக்கத்தில் நின்றிருந்தாள். இறக்கி வைத்த பாகு, ரோடு போடுகிற இடத்தில் நிற்கிறோமோ என்று நினைக்க வைத்தது. உருண்டை பிடித்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி வண்டியில் வந்து இறங்க வேண்டும்?

“இன்னாய்யா இது? யாரு சுண்ணாம்பு ஊத்துனது?”

சின்னதுரை தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். உள்ளிருந்து வந்தது இது: “நடுநிலையா பாத்தா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கவனக்குறைவுதாங்க...” ரெண்டாவது பக்கம் எது என்று தீனதயாளன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. அவராகவே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். “நாளைலேர்ந்து நீ அடுப்புக்கு சக்கை தூக்கு. கொப்பரைப் பக்கம் வராத.” பதினாறு வருடமாகக் கொப்பரையடியில் நின்ற மனிதர், கரண்டியைக் கழுவிச் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் ஆள் ஆளாக யோசனை கேட்டதுதான். தலைமையாசிரியை அம்சவள்ளியிடம், முதலாளியைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

“பாத்து பண்ணுங்க சார்.”

“சொல்லவா, வேணாமா மேடம்?”

“அதான் சார், பாத்து.”

வழியில் தலை மேல் சக்கைக் கட்டோடு வந்த சின்னதுரையையே நிறுத்தினேன். “அண்ணே, எம்மேல கோவமா?” என்றேன். அவர் கல்வராயன் மலைப் பக்கம் பார்த்தார். “மேல இருட்டிகினு வருது சார். மழ வரும்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களை இந்த ஊரில் யாருமே உபயோகிப்பதில்லையா? அதற்காக நானே ஒரு முடிவு எடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முதலாளி வீடு சங்கராபுரத்தில், என் வண்டியில் பெட்ரோல் இல்லை என்று சின்னதுரையிடமே சொன்னேன். நான்கு நாளும் இல்லை.

ஐந்தாம் நாள் கடைசிப் பிரிவேளையில், கேட்டு வாங்கி வந்திருந்த கறுப்பு வெல்லத்தை மேசை மேல் வைத்தேன். “இந்தச் சோதனையில எங்க தப்பு நடந்துச்சு?”

“கரும்பு சரியில்ல சார்.”

“அடுப்பு ஜாஸ்தி சார்.”

“அந்த காயிதம் டூப்ளிகேட்டு சார்,” என்றான் சுபாஷ். வகுப்பே ஆமோதித்தது. இத்தனை பேர் சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறார்களாம். நான் மேசையைத் தட்டினேன். வெல்லம்கூட அசையவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. “ஒருத்தராவது நேரா பதில் சொல்லுவீங்களா மாட்டீங்களா?”

கடைசி பெஞ்சில் தேவிப்ரியா எழுந்தாள். நான்கு நாளாக வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ தவிர அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

“மொத சொம்புக்கே அப்பா கரண்டிய கவுத்து வெச்சிடிச்சி சார். கவுத்துட்டா போதும்னு கொட்டாயில எல்லாருக்கும் தெரியும். காயிதம் மஞ்சளா இருக்கசொல்லயே பதம் சரியாத்தான் இருந்துச்சாம். கொஞ்சம் புளிப்பு நிக்கணுமாம், அப்பத்தான் வெல்லம் செவப்பா வருமாம்.”

“அத அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லக்கூடாதாம்மா?”

“அதான் அப்பா கரண்டிய கவுத்துச்சே சார். நீங்க காயிதத்தையே பாத்துகினு இருந்தீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சுபாஷ்கூட. என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தேன். அதுவும் சுண்ணாம்புதான் என்று எப்போதோ இதே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

“சரி, இப்ப நான் என்னதான் பண்ணணும்?” என்றேன். நான்கு நாளாக எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி. ‘பாத்து’ என்று வரும் என்றுதான் காத்திருந்தேன்.

“மூணாவது சொம்பும் நாந்தான் ஊத்துனேன், அவரு இல்லன்னு சொல்லணும் சார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மொதலாளி கொட்டாய்க்கு வருவாரு.” பெஞ்சில் உட்காரப் போனவள் நிமிர்ந்தாள். “பெட்ரோல் வேணாம். நடந்தே பூடலாம்.”

ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகை மலைப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே, உலர்களத்திலிருந்து அடுப்பை நோக்கி ஒரு சக்கைக் கட்டு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போகிறவரின் முகம் தெரியவில்லை, இரண்டு கால்கள்தான் தெரிந்தன. மணி நாலு பத்து.