பட்டுவின் பொட்டலத்தில் மாவா, கிருமியா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு முழங்கால் வலியால் கிடைத்தது. எலும்பு மருத்துவருக்காகக் காத்திருந்த நடைகூடத்தில், எதிர்ச்சுவரில் ஓர் அறிவிப்பு. பால் ஒவ்வாமையும் தோலில் அரித்துச் சிவக்கும் கரப்பானும் உள்ள கைக்குழந்தைகள் ஓர் ஆய்வுக்குத் தேவை. பாதிப் பேருக்கு ப்ரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள் கலந்த பொடி. மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, கொடுக்கும் நர்சுக்கும் தெரியாது.

முழங்காலை மறந்துவிட்டேன். எது என்று தெரியாமலே பன்னிரண்டு வாரம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள், அதற்கும் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது!

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

குழந்தை அழுதது. (எந்தக் குழந்தைதான் அழவில்லை?)

பிறை நிலவு போன்ற அந்தக் கன்னத்தில் (வேண்டாம், எனக்கே கூசுகிறது.)

தையற்காரி தன் மகளின் கன்னத்தை இஞ்சு டேப்பால் அளந்தாள்.

இது இருக்கட்டும்.

2

அளந்தது சிவப்புத் திட்டை. மகளுக்கு எட்டு மாதம். கரப்பான் வருவதற்கு முன்பே பட்டு என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். பிறகு மாற்ற மனம் வரவில்லை. சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க, சட்டைக் கைகளின் முனையை மூடித் தைத்திருந்தாள் அம்மா. அன்றிலிருந்து பட்டு எதையும் வெறும் விரலால் தொட்டதில்லை.

தாய்ப்பால் வழியே போய்விடும் என்பதால் அம்மாவுக்கும் பால் கூடாது. பாலில்லாத காப்பியைக் கஷாயம் போல முகத்தைச் சுளித்துக் குடித்தாள். வீட்டில் பால், தயிர், வெண்ணெய் எதற்கும் அனுமதியில்லை. தினமும் காலையில் ஆய்வில் கொடுத்த பொட்டலம் ஒன்றைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்டுவாள். பிறகு டேப், பிறகு நோட்டு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பச்சை விளக்கு எரிவதை நம்பாத ஆள். ஆறு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் 'சரி' என்று எழுதுவான். இப்படிப்பட்டவன் கையில் எது என்றே தெரியாத பொட்டலத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பானா?

3

(இந்த இடத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் வந்து, குடலுக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு என்று மூன்று பக்கம் பேசினார். சாராம்சம்: சில குழந்தைகளுக்குப் பலன் தெரிந்தது போலிருக்கிறது, சிலருக்கு இல்லை, எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை. நல்ல மனிதர். வழியனுப்பிவிட்டேன்.)

4

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி காலையிலேயே தைத்த துணிகளைக் கொடுக்கப் போய்விட்டாள். அவன் மேல்வீட்டு அக்காவிடம் வெதுவெதுப்பான பாலும் ஒரு கரண்டித் தயிரும் வாங்கி வந்தான். இரண்டு டம்ளரில் பால். ஒன்றில் தயிர், இன்னொன்றில் பட்டுவின் பொட்டலம். உயிருள்ள கிருமி என்றால் பால் உறைந்துதானே ஆகவேண்டும்?

சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தான். தயிர் விட்டது கட்டியாக உறைந்திருந்தது. பொட்டலம் போட்டது பாலாகவே இருந்தது. ஆக, மாவு. ஆறு வாரமாக மாவு.

அந்த நேரம் பார்த்துப் பட்டு அழுதாள். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கன்னத்தைப் பிடித்து

இந்த வாக்கியத்தை இரண்டு நாளாக முடிக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் கன்னத்தில் அவனுடைய விரல்கள் அப்படியே தடித்துச் சிவந்தன. மருந்து வீட்டில் இருந்தது, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு மணி நேரத்தில் அடங்கியது. எழுதுகிறவனுக்கு அந்த அளவு அதிகாரம் உண்டு. ஆனால் விரல் தடத்தை அடிக்க முடியவில்லை. அடித்தால் கதையே இல்லை.

5

மனைவி திரும்பி வந்தபோது தடம் இன்னும் மங்கலாக இருந்தது. டம்ளர்களையும் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல பாலா?"

அவன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். கடைசியில், "அது வெறும் மாவும்மா. தயிராகவே இல்ல," என்றான்.

அவள் கத்தவில்லை. நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள்.

"ரெண்டே கால் இஞ்சு இருந்தது. நேத்து முக்கால் இஞ்சு. மாவுதான் குறைச்சுதுன்னா மாவே குடுத்துட்டுப் போறேன். நீ இதைக் கெடுத்துராத."

அவளுடைய பயம் வேறு. மீதிப் பொட்டலங்களை எண்ணிப் பார்ப்பார்கள், ஒன்று குறையும், ஆய்விலிருந்து கழித்துவிடுவார்கள். பட்டு மறுபடி ரெண்டே கால் இஞ்சுக்குப் போய்விடுவாள்.

6

மறுநாளே நர்சிடம் போனார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு டம்ளர் கதையைச் சொன்னான். நர்சு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்தக் கிருமி பாலில இருக்கிற சர்க்கரையைத் தொடாது, பாலைப் புளிக்க வைக்காது. அசல் பொட்டலமே போட்டிருந்தாலும் உறைஞ்சிருக்காது."

"அப்ப இவளுக்கு வந்தது அசலா?"

"எனக்கும் தெரியாதுங்க. ஒரு பொட்டலம் வீணாச்சுன்னு எழுதிக்கிறேன், தொடர்ந்து குடுங்க. ஆனா பால் கையோட பிள்ளையைத் தூக்கினீங்க பாருங்க, அது பெரிய தப்பு."

நர்சு நீட்டிய தாளில், அவன் வாழ்க்கையில் முதல் முறையாக, சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒன்றுக்கு 'சரி' என்று கையெழுத்துப் போட்டான்.

8

(ஏழில் மூன்று முடிவுகள் எழுதியிருந்தேன். ஒன்றில் கிருமி, ஒன்றில் மாவு, மூன்றாவதில் எது என்று சொல்லும் அஞ்சல் தொலைந்துவிடுகிறது. மூன்றும் பொய்யாகப் பட்டன, ஏழையே அடித்துவிட்டேன்.)

எனவே நானும் கண்ணைக் கட்டிக்கொண்டேன். நண்பனை நாணயம் சுண்டச் சொல்லி, தலை என்றால் கிருமி, பூ என்றால் மாவு என்று விழுந்ததை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னேன். ஆய்வு முடிந்தபின் பட்டு வீட்டுக்கு வந்த உறை அதுதான். திட்டு அன்றைக்குக் கால் இஞ்சு. பொடியாலா, அம்மா பாலை விட்டதாலா, வயது ஏறியதாலா? எனக்குத் தெரியாது, சத்தியமாக.

லிஃப்ட் மெக்கானிக் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, "நீயே வச்சுக்க," என்று மனைவியிடம் கொடுத்தான். அவளோ அதை மேசையில் போட்டுவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாள். எல்லோரும் உறை என்றுதான் நினைத்தோம். அவள் வெட்டியது பட்டுவின் சட்டைக் கை முனைகளை.

பத்து விரல்களும் வெளியே வந்தன. பட்டு அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த உறையை எடுத்து, ஈரமாகச் சப்பி, இந்தப் பக்கமாக நீட்டுகிறாள்.

உங்களிடம்தான். பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் வாங்கும் முன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்; அவள் உறையோடு உங்கள் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள்.