பையில் மூன்று கல்

ஐப்பசித் தூறலில் பச்சைமலை ஏறத் தொடங்கியதிலிருந்தே ஜேக்கப்புக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவன் மனைவி பிரான்சியோடு பேங்கில் வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்துக்காரன் ஹரிஹரசுதன், பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, அந்தச் சேற்றுப் பாதையில் சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நடந்தான். பிரான்சியும் அவன் கூடவே போனாள். ஜேக்கப்புக்குக் கால் வழுக்கியபோது மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

ஓடைக்கரையில், கூட வந்த பேங்க் ஆட்கள் எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஹரி கை கழுவப் போன நேரத்தில், அவன் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே, மூன்று கல்லைத் திணித்தான் ஜேக்கப். இப்போது நடக்கட்டும், பார்க்கலாம்.

செய்த காரியம் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று ஒதுங்கிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான். அதற்குள் கூட்டம் கிளம்பியிருந்தது. மூச்சிரைக்க ஓடி வளைவில் பிடித்தான். ஹரியின் பை பிரான்சியின் முதுகில் இருந்தது. வார் அறுந்த அவள் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஹரி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"என் பை வார் அறுந்துடுச்சுங்க. 'என்னோடதை எடுத்துக்கங்க, துணிதான், லேசா இருக்கும்'னார்," என்றாள் பிரான்சி, மூச்சு வாங்க. "இந்தக் கனத்தைப் போய் லேசுங்கிறார். காலையிலேருந்து ஒரு முனகல் இல்லீங்க அந்த மனுஷன்கிட்ட."

வாய்வரை வந்ததை ஜேக்கப் விழுங்கினான். "குடு, நான் தூக்குறேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேணாங்க. உங்களால முடியாது."